பக்கத்தில நிண்டு பழகினது

வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போனவர்கள் கண்டிருப்பீர்கள். நந்திக்கடல் பக்கம் வெயில் சாயத் தொடங்க, சனத்துக்கு மேலால் ஒரு ட்ரோன் எழும்பும். கீழே, செருப்பைக் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டு, கையில் கொன்ட்ரோலரோடு ஒரு பெடியன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். போன வருசம் அப்படி நின்ற ஒருவரிடம் நாங்கள் கதை கொடுத்தோம்.

"தம்பி, உதெல்லாம் எங்க படிச்சனீங்கள்?"

"படிக்கேல்லை அண்ணை. ஸ்ரூடியோ அண்ணாவோட நிண்டு பழகினது."

படிக்கேல்லை, பழகினது. எங்கட ஊர்களில் இந்த இரண்டு சொல்லும் ஒன்றல்ல. படிப்பு என்றால் வகுப்பு, கொப்பி, சோதனை, சேர்ட்டிபிக்கேட். பழகுவது என்றால் வேலை நடக்கிற இடத்தில், வேலை தெரிந்த ஒருவருக்குப் பக்கத்தில் நிற்பது. கமரா, எடிற்றிங், டிசைன், அனிமேஷன், வெப்சைற் என்று இன்றைக்குப் 'படைப்புத் தொழில்நுட்பம்' என்ற பெரிய பெயரில் வருகிற வேலைகளை வன்னியில் ஆட்கள் எப்படிப் பழகினார்கள் என்று தேடத் தொடங்கினோம். தேடத் தேட ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. அந்தப் 'பக்கத்தில் நிற்கிற' இடத்துக்கு யார் காசு கொடுத்தது?

பழகுகிறவர் முதல் ஆறு மாதத்துக்குப் பெரிதாக ஒன்றும் உழைத்துத் தரமாட்டார். பிலிமைப் பழுதாக்குவார், கடுதாசியை வீணாக்குவார், பெரிய ஆளின் நேரத்தைத் தின்பார். அவர் சாப்பிடவும் வேண்டும், பஸ்ஸுக்குக் காசும் வேண்டும். அந்தச் செலவை ஆரோ ஒருத்தர் சுமந்தால்தான் பழகுகிற வேலை நடக்கும்.

பழைய ஸ்ரூடியோக்களிலும் அச்சகங்களிலும் அந்தச் செலவைப் பழகுகிறவரே எடுபிடி வேலையாகக் கட்டினார். இருட்டறையில் சிவப்பு லைற் வெளிச்சத்தில் முதலாளி படம் கழுவுவார். பெடியன் டெவலப்பர் கரைப்பான், ஹைப்போவில் இருந்து எடுத்த படங்களைத் தண்ணியில் அலசுவான், காயப் போடுவான், ஓரம் வெட்டுவான். சம்பளம் என்று ஒன்றும் இல்லை. மத்தியானச் சாப்பாடு, தீபாவளிக்கு ஒரு சேர்ட். ஆனால் நாளுக்கு ஐம்பது படம் அலசுகிற கைக்கு, எந்தப் படம் கறுத்துப் போனது, எது வெளிறிப் போனது, ஏன் போனது என்று ஆரும் சொல்லாமலே விளங்கத் தொடங்கும். அச்சகத்திலும் அப்படித்தான். அடித்து முடிந்த ஈய எழுத்துகளைப் பிரித்து அந்தந்தக் குழியில் திரும்பப் போடுவதுதான் புதுசாக வந்தவனின் முதல் வேலை. தமிழ் எழுத்துப் பெட்டிக்கு ஆங்கிலப் பெட்டியை விடக் குழிகள் கூட. சில மாதம் எழுத்துப் பிரித்தவன் பிறகு பெட்டியைப் பார்க்காமலே சொற்களைக் கோப்பான்.

இதை நல்ல காலம் என்று சொல்ல வரவில்லை. யாரை உள்ளே விடுவது என்பதைச் சொந்தமும் சாதியும் தீர்மானித்தன. பொம்பிளைப் பிள்ளையை இருட்டறைக்குள் வேலை பழக விடுகிற வீடு அந்த நாளில் எங்கே இருந்திருக்கும்? முதலாளி அடித்தால் கேட்க ஆளில்லை. 'குருகுலம்' என்று கண்ணில் நீர் வரக் கதைக்கிற ஆட்கள் இதையும் சேர்த்துக் கதைக்க வேண்டும்.

அரசு இந்தப் பக்கம் பார்த்தது 1971 இல். ஏப்ரலில் தெற்கில் படித்த, வேலையில்லாத இளம் ஆட்கள் கிளர்ச்சி செய்தார்கள். அதே ஆண்டு டட்லி சீயர்ஸ் தலைமையில் சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் குழு ஒன்று இலங்கையின் வேலையின்மையை ஆராய்ந்தது. பள்ளிக்கூடம் வளர்க்கிற எதிர்பார்ப்பும் நாட்டில் கிடைக்கிற வேலையும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதுதான் அதன் அறிக்கையின் சாரம். அந்த ஆண்டின் 49 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய பயிலுனர் சபை வந்தது. 1990 இன் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அதுதான் நாங்கள் இப்போது 'நைட்டா' என்று சொல்கிற தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையாக மாறியது. எண்ணம் நல்லது: வேலைத்தலத்தில் விட்டுப் பழக்குவது, பழகுகிற காலத்துக்கு ஒரு கொடுப்பனவு. ஆனால் அதற்கு முதலில் ஒரு வேலைத்தலம் இருக்க வேண்டுமே. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலை போல சிலதை விட்டால், வன்னி என்பது வயலும் குளமும் குடியேற்றத் திட்டமும்தான். கிளிநொச்சி தனி மாவட்டமானதே 1984 இல். கமராவுக்கும் அச்சுக்கும் ஆட்கள் யாழ்ப்பாணத்தைத்தான் பார்த்தார்கள்.

பிறகு சண்டை. 1990 இல் திரும்பத் தொடங்கியதோடு மின்சாரம் போனது, பெற்றோலும் பற்றரியும் தடைப் பட்டியலில் ஏறின. சைக்கிளைக் கவிட்டு வைத்து, பெடலைச் சுத்தி, டைனமோவில் ரேடியோ கேட்ட தலைமுறைதான் எங்கட அம்மா அப்பா. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தது. அடுத்த மாதங்களில் கிளாலி கடந்து பெருந்தொகையான சனம் வன்னிக்கு வந்தது. சனத்தோடு தொழிலும் வந்தது. தையல் மெசினைத் தலையில் சுமந்து வந்தவர்கள் போல, கமராவைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு வந்தவர்களும் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் வந்துகொண்டிருந்த ஈழநாதம் பத்திரிகையும் வன்னிக்கு இடம்மாறியது.

மின்கம்பியில் மின்சாரம் இல்லாத அந்த நிலத்தில்தான், ஜெனரேற்றர் சத்தத்துக்கு நடுவே, வன்னியின் வரலாற்றிலேயே பெரிய காட்சித் தொழில் வளர்ந்தது. நிதர்சனம், 'ஒளிவீச்சு' என்ற வீடியோ சஞ்சிகை, புலிகளின் குரல் வானொலி, 2005 இல் செய்மதி வழியாகத் தொடங்கிய தமிழீழத் தேசியத் தொலைக்காட்சி. படம் பிடிக்க, வெட்டி ஒட்ட, ஒலி சேர்க்க, எழுத்து ஓட விட, செய்தி வாசிக்க, இசைத்தட்டு உறை வடிவமைக்க என்று நூற்றுக்கணக்கான இளம் ஆட்கள் இதற்குள் வந்தார்கள். பெண்களும் கமரா தூக்கினார்கள். இருட்டறைக்குள் விடாத ஊர் இது என்பதை நினைத்துப் பாருங்கள். பழக்கிய முறை பழைய ஸ்ரூடியோ முறைதான். ஒருவர் எடிற் பண்ண, இன்னொருவர் பின்னால் கதிரை போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். பார்த்தவர் நாளைக்கு இருந்து செய்வார்.

இந்தப் பகுதியை எழுதும்போது எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் வந்தது. 'திறமை வளர்ந்த காலம்' என்று எழுதினால் அது பொய்யில் பாதி என்று ஒருவர் சொன்னார். எழுதாமல் விட்டால் அது முழுப் பொய் என்று மற்றவர் சொன்னார். இரண்டு பேரும் சரி. அது ஒரு ஆயுத இயக்கத்தின் பரப்புரைப் பிரிவு. எதைப் படம் பிடிப்பது, எதைப் பிடிக்கக் கூடாது என்று பழகுகிறவர் முடிவெடுக்கவில்லை. விரும்பிப் போனவர்களும் இருந்தார்கள், வீட்டுக்கு ஒருவர் என்று கொண்டுபோகப்பட்டவர்களும் இருந்தார்கள். வன்னியில் பிறந்த ஒருத்தருக்கும் இதை நாங்கள் சொல்லித் தரத் தேவையில்லை. இங்கே இடத்துக்கான செலவை இயக்கம் சுமந்தது. பழகினவர் அதைத் தன் வாழ்க்கையால் திருப்பிக் கட்டினார். 2007 நவம்பர் 27 அன்று கிளிநொச்சியில் புலிகளின் குரல் நிலையத்தின் மேல் விமானப்படை குண்டு போட்டபோது இறந்தவர்களில் அறிவிப்பாளரும் ஊழியர்களும் இருந்தார்கள். ஊடகப் பணியாளர்கள் கொல்லப்பட்டதை அப்போதைய யுனெஸ்கோ பணிப்பாளர் நாயகம் கண்டித்தார்.

நடுவில் ஒரு சின்ன வெளிச்சம் இருந்தது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம், ஏப்ரலில் ஏ9 பாதை திறப்பு. முதன்முறையாக வெளியில் இருந்து தொழில் தெரிந்தவர்கள் வன்னிக்கு வந்து தங்க முடிந்தது. 'முள்ளும் மலரும்', 'உதிரிப்பூக்கள்' எடுத்த இயக்குநர் மகேந்திரன் அந்தக் காலத்தில்தான் வன்னிக்கு வந்து இளம் ஆட்களுக்குச் சினிமா பழக்கினார். அவருடைய மகன் ஜான் மகேந்திரன் இயக்கிய 'ஆணிவேர்' வன்னியிலேயே படமாக்கப்பட்டு 2006 இல் வெளிவந்தது. முழுநீளப் படம் ஒன்றின் படப்பிடிப்புத் தளம் எப்படி நடக்கும், ஒரு காட்சிக்கு ஏன் இத்தனை தரம் லைற் மாற்றுகிறார்கள், தொடர்ச்சி பிசகினால் என்ன நடக்கும் என்பதெல்லாம் வகுப்பில் சொல்லி விளங்குகிற விசயங்கள் இல்லை. பக்கத்தில் நிற்க வேண்டும். கிளிநொச்சியில் 'வன்னி ரெக்' என்ற தொழில்நுட்ப நிறுவனமும் அந்தச் சமாதான காலத்தில் இயங்கியது. புலம்பெயர் நாடுகளில் இருந்து வந்த இளம் தமிழர்கள் அங்கே கணினியும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்தார்கள். லீவு முடிய அவர்கள் திரும்பிப் போக வேண்டும். அது அவர்கள் பிழையில்லை. 2006 ஓகஸ்ரில் ஏ9 பூட்டப்பட்டதோடு அந்த வருகையும் நின்றது.

2009 ஜனவரி 2 கிளிநொச்சி விழுந்தது. விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால். இந்த வரிசை உங்களுக்குத் தெரியும். கதிரையில் இருந்து எடிற் பண்ணினவர், பின்னால் இருந்து பார்த்தவர், மெசின், ரேப், ஹார்ட் டிஸ்க் எல்லாம் அந்தப் பாதையில் போயின. அந்தக் கடைசி மாதங்களை உலகம் இன்று பார்க்கிற படங்களில் ஒரு பகுதி உள்ளே நின்றவர்கள் பிடித்தவை. அவர்களில் எத்தனை பேர் வெளியே வந்தார்கள்?

வெளியே வந்தவர்களின் கதையும் எங்களுக்கு முக்கியம். கிட்டத்தட்ட 12,000 பேர் புனர்வாழ்வு முகாம்களுக்குள் போய் வந்ததாக அரசாங்கக் கணக்கு. அங்கே மேசன், தச்சு, தையல், வயரிங் என்று தொழில் பழக்கினார்கள். பத்து வருசம் வீடியோ எடிற் பண்ணின ஒரு ஆள் அந்த வரிசையில் நின்று தனக்கு என்ன வேலை தெரியும் என்று எழுதுவார் என்று நினைக்கிறீர்களா? எங்களுக்குத் தெரிந்த ஒருவர் மேசன் வேலைக்குத்தான் போனார். இப்போதும் போகிறார். கலியாண வீடுகளில் வீடியோ ஓடினால் சில இடத்தில் முகத்தைச் சுளிப்பார். "வெட்டு பிந்திப் போச்சு" என்பார். அவ்வளவுதான், அதுக்கு மேல கதைக்க மாட்டார்.

இதில் ஒரு கொடுமையான சிக்கல் இருக்கிறது. இலங்கையின் தேசிய தொழிற்தகைமை முறையில் ஏழு மட்டங்கள் உண்டு. வகுப்புக்கே போகாமல், செய்த வேலையைக் காட்டிச் சான்றிதழ் எடுக்கிற வழியும் அதில் உண்டு. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதற்குப் பெயர். 'நிண்டு பழகின' ஆட்களுக்கென்றே செய்ததுபோல ஒரு ஏற்பாடு. மெக்கானிக், மேசன், சமையல்காரர் என்று எத்தனையோ பேர் அந்த வழியால் தகைமை எடுத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே முதல் கேள்வி, நீ செய்த வேலையைக் காட்டு. அவர் எதைக் காட்டுவார்?

போருக்குப் பிறகு கட்டடங்கள் வந்தன. 2013 செப்ரெம்பரில் யாழ்தேவி கிளிநொச்சிக்கு வந்தது. அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 2014 இல் தொடங்கியது. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ரில் தனிப் பல்கலைக்கழகமானது. 2016 இல் அறிவியல்நகரிலேயே ஜேர்மன் உதவியோடு இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் திறந்தது. வாகனம், மின்சாரம், கட்டுமானத்தோடு தகவல் தொழில்நுட்பமும் அங்கே ஒரு துறை.

இந்த 'ஜேர்மன் ரெக்' கதையில் கொஞ்சம் நிற்கலாம். தெற்கில் அதன் மூத்த அண்ணன் 1959 இல் வெரஹரவில் தொடங்கியது, பிறகு மொரட்டுவைக்குப் போனது. அது ஏன் வந்தது? அப்போதுதான் அரசுடைமையாகியிருந்த இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ்களைத் திருத்த ஆள் வேண்டும் என்பதற்காக. அதாவது முதலில் வேலை இருந்தது. பழுதான பஸ் கண்ணுக்கு முன்னால் வரிசையில் நின்றது. பிறகுதான் பயிலுனர் வந்தார். ஜேர்மனியிலும் முறை அதுதான்: கிழமையில் ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளி, மிச்ச நாள் கொம்பனியில் வேலை, கொம்பனி சம்பளம் கொடுக்கும். வன்னியில் நாங்கள் பள்ளியைக் கட்டிவிட்டு, அந்தக் கொம்பனி எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.

தேடினால் என்ன கிடைக்கும் என்பதற்கு எங்களில் ஒருத்தியே சாட்சி. ஒரு நிலையத்தில் ஆறு மாதம் கிராபிக் டிசைன் படித்தாள். நல்ல ஆசிரியர், நல்ல கொம்பியூட்டர். பிறகு வேலைத்தலப் பயிற்சி ஆறு மாதம். டிசைன் செய்கிற இடம் பக்கத்தில் எங்கும் இல்லாததால் ஒரு அலுவலகத்தில் விட்டார்கள். அங்கே போட்டோக்கொப்பி அடித்தாள், கடிதம் ரைப் பண்ணினாள், ஒரே ஒரு தரம் தைப்பொங்கல் வாழ்த்து அட்டை செய்தாள். முடிவில் சான்றிதழ் கிடைத்தது. முல்லைத்தீவில் இருந்து பரந்தன் வரைக்கும் ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். அந்த ஆறு மாதம் அவளுக்குக் கிடைத்த கொடுப்பனவு பஸ்ஸுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் காணவில்லை. அவளோடு ஏ.எல். எடுத்த பிள்ளை கார்மென்ற்சுக்குப் போனாள். அங்கே முதல் மாதமே சம்பளம், காலையில் வாசலுக்கு பஸ். எந்தத் தாய் எதைத் தெரிவு செய்யச் சொல்லுவாள்?

போருக்குப் பிறகு அரசும் தொண்டு நிறுவனங்களும் வகுப்பறைக்குக் காசு கொடுத்தார்கள், கணினிக்குக் கொடுத்தார்கள், சான்றிதழ் வழங்குகிற விழாவுக்கும் பனருக்கும் கூடக் கொடுத்தார்கள். பக்கத்தில் நிற்கிற இடத்துக்கு மட்டும் கொடுக்கவில்லை. அந்த ஸ்ரூடியோ அண்ணாவுக்கு, "ஒரு பிள்ளையை வருசம் முழுக்க வைச்சுப் பழக்கும், அவளின்ர செலவு எங்கட பொறுப்பு" என்று ஆரும் சொல்லவில்லை. அவரிடம் சான்றிதழ் இல்லை. ஆகவே திட்டங்களின் பட்டியலில் அவர் 'பயிற்சி வழங்குநர்' இல்லை.

இதற்குள் இன்னொரு மாற்றமும் சத்தமில்லாமல் நடந்துவிட்டது. பழகுகிறவர் தன் இடத்துக்கு எடுபிடி வேலையால் விலை கொடுத்தார் என்று மேலே சொன்னோம். ஒவ்வொரு புது மெசினும் முதலில் சாப்பிட்டது அந்த எடுபிடி வேலையைத்தான். ஓப்செற் வர எழுத்துப் பிரிக்கிற வேலை போனது. டிஜிற்றல் கமரா வர அலசுகிற வேலை போனது. அதற்குப் பிறகு ஸ்ரூடியோவில் புதிய பிள்ளைக்குக் கொடுத்த வேலை, பாஸ்போட் படத்தின் பின்னணியை வெட்டுவது, முகத்துப் புள்ளியை அழிப்பது. இப்போது அதைப் போன் ஒரு செக்கனில் செய்துவிடுகிறது. முதலாளிக்கு நேரம் மிச்சம். ஆனால் ஏணியின் கீழ்ப்படி ஒன்று கழன்றுவிட்டது, கழன்ற படிக்குப் பதில் என்ன வைப்பது என்று ஆரும் யோசிக்கவில்லை. வன்னியில் மட்டும் இல்லை, லண்டனிலும் பெங்களூரிலும் இதே கவலைதான். அங்கே ஏணிக்கு வேறு படிகளும் இருக்கின்றன என்பது வித்தியாசம்.

வெறும் நிலத்தில் இது நடக்காதா? நடந்திருக்கிறது. மழை குறைந்த சிவகாசியில் இருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு பேர் 1922 இல் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டி செய்கிற இடத்தில் மாதக்கணக்கில் நின்று பழகினார்கள். திரும்பி வந்து ஊரில் தொடங்கினார்கள். தீப்பெட்டி லேபலுக்கு அச்சு வேண்டியிருந்தது, அச்சு கலண்டரானது, எங்கட வீட்டுச் சுவரில் தொங்குகிற சாமிப் படம் வரை வந்தது. அங்கே சின்னப் பிள்ளைகளின் கைகள் கட்டின விலை தனிக் கதை, அதையும் மறக்கக் கூடாது. எங்களுக்கு வேண்டியது அந்தக் கதையின் முதல் பக்கம்: ஒரு ஊருக்குத் தொழில் வர இரண்டு பேர் போய் நின்று பழகித் திரும்பி வந்தது போதுமாக இருந்தது. யாழ் ஐ.டி. ஹப் போன்றவர்கள் யாழ்ப்பாணத்தில் கோடிங் பக்கம் இப்படி ஒரு முயற்சியைத் தொடங்கி வைத்திருக்கிறார்கள். கிளிநொச்சியில் இருந்து அங்கே போய்ப் பழகுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒட்டுசுட்டானில் இருந்து போக முடியுமா என்பது பஸ் நேர அட்டவணையைப் பொறுத்தது.

அந்த மேசன் அண்ணையிடம் ஒரு தரம் கேட்டோம், எங்களுக்கு எடிற்றிங் சொல்லித் தருவீங்களோ என்று. உடனே "எனக்கு இப்பத்தைய சொப்ற்வெயர் தெரியாது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எந்த இடத்தில வெட்டிறது எண்டது சொப்ற்வெயரில இல்லை" என்றார். தருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நாங்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இந்த வருசமும் வற்றாப்பளைக்குப் போனோம். அதே ட்ரோன் தம்பி நின்றார். இந்தத் தரம் அவருக்குப் பக்கத்தில் ஏ.எல். முடித்த ஒரு பிள்ளை, தோளில் பற்றரிப் பை, கையில் ஒரு சின்னக் கொப்பி. பற்றரி எத்தனை மணிக்கு மாற்றினது என்று குறித்துக்கொண்டிருந்தாள். அவர் திரையைக் காட்டி ஏதோ சொல்ல, எட்டிப் பார்த்துத் தலையாட்டினாள்.

"பிள்ளைக்கு நாளுக்கு எவ்வளவு குடுக்கிறீங்கள் தம்பி?" என்று கேட்டோம்.

அவர் சிரித்தார். "சாப்பாடும் பெற்றோலும் அண்ணை. எனக்கும் அவ்வளவுதான் தந்தவை."

பிள்ளை சிரிக்கவில்லை. அடுத்த பற்றரியை எடுத்துக் கொடுத்துவிட்டு, கொப்பியில் நேரத்தை எழுதினாள்.